டர்போ போயிருச்சு என்று சொல்வதற்கு முன்னால்

கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி வைத்திருப்பவர்கள் மேட்டுக்குத் தப்ப முடியாது. மேற்கே போனால் கம்பம்மெட்டு. தெற்கே போனால் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை. வடக்கே போடிமெட்டு. சின்னமனூரில் திரும்பினால் மேகமலை. இராயப்பன்பட்டியில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏதாவது ஒரு மலை குறுக்கே நிற்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பழைய வண்டியைப் பார்த்தால் முதலில் மைலேஜ் கேட்க மாட்டார்கள். "மேட்டுல இழுக்குதா?" என்றுதான் கேட்பார்கள்.

இழுவை குறைந்துவிட்டால் இப்போது எல்லோர் வாயிலும் ஒரே பதில்தான்: "டர்போ போயிருச்சு." போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருஷம் டீசல் இன்ஜினோடு காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிச் சொல்லிக் கழற்றிப் போட்ட டர்போக்களில் பல நன்றாகவே இருந்தன. உண்மையிலேயே கெட்டுப்போனவையும் தானாகக் கெடவில்லை, வேறு ஏதோ ஒன்று அவற்றைக் கெடுத்திருந்தது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் புது டர்போ மாட்டினால், புதியதும் அதே வழியில் போகும்.

டர்போ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லோயர் கேம்பில் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. வண்டியில் தண்ணீருக்குப் பதில், சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதினால் கரி கனன்று எரிகிறதே, அதுபோல.

டீசல் இன்ஜினுக்குக் காற்று எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று தேவை. 1,948 சி.சி. இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால், டர்போ இல்லாமலே நிமிஷத்துக்கு 3,000 லிட்டர் அளவுக்குக் காற்றை விழுங்கும். நம் மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டியைப் போல மூன்று தொட்டி, ஒவ்வொரு நிமிஷமும். டர்போ இருந்தால் அதற்கு மேலும் பல மடங்கு வேலை நடக்கிறது என்று நினைக்க வேண்டாம், ஆனால் கணிசமாகக் கூடும். மேலே ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவு. அந்தக் குறையையும் ஈடுகட்டுவது டர்போதான். அதனால்தான் மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு அது இவ்வளவு பிடித்துப்போனது.

விஷயம் புதியதல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காருக்குள் வந்தது 1962இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார். அந்த இன்ஜின் தட்டாமல் ஓட, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் பலர் அதை ஊற்றவில்லை. தொட்டி காலியானால் காரின் இழுவை குறையும். பழி டர்போ மேல் விழுந்தது. கடைசியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டீசல் காருக்கு டர்போ வந்தது 1978இல், மெர்சிடிஸ் 300 எஸ்.டி. மூலம். நம் நாட்டில் 1998இல் டாடா சஃபாரி டர்போ டீசலோடு வந்தது, 2002இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ. இந்த வண்டிகளில் பழையவை இன்னும் நம் பக்கத்தில் ஓடுகின்றன. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இவற்றை லேசில் விடமாட்டார்கள்.

என் தங்கை மகனிடம் அப்படி ஒன்று இருக்கிறது. 2003ஆம் வருஷத்து சஃபாரி, அந்த 1,948 சி.சி. டர்போ இன்டர்கூலர் இன்ஜின். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அவனுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவான், சாயந்தரம் இறங்குவான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆவணி மாதம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். முகமே சரியில்லை.

"மாமா, வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. வளைவுல செகண்ட்ல போட்டா மூச்சு வாங்குது. பின்னாடி பார்த்தா கரும்புகை. நேத்து ஒரு கொண்டை ஊசியில நின்னுபோச்சு, ரெண்டு அடி பின்னால உருண்டுருச்சு. உள்ள ஏழு பேரு. பொம்பளையாளுக எல்லாம் கத்திருச்சுக."

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு இரண்டு அடி பின்னால் உருள்வது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். பானட்டைத் திறந்து, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, இன்ஜினையும் இறக்க வேண்டியிருக்கலாம், எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடலாமா, இல்லை மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று அவனுக்கு யோசனை. காய் எடுப்பு நேரம். பத்து நாள் ஆள் போகாவிட்டால் செடியிலேயே காய் பழுத்து உதிர்ந்துவிடும்.

பணிமனையில் ஓட்டுநர்கள் குறைப் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். "இழுவை இல்லை" என்று இரண்டே சொல். அதை வைத்துக்கொண்டு ஸ்பானரை எடுக்கக் கூடாது, முதலில் அந்த ஓட்டுநரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்பது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக் ஒருவர் வைத்த வழக்கம். வண்டியோடு தினமும் இருப்பவனுக்குத் தெரிந்தது, வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. அதனால் அவனைக் கேட்டேன்.

"என்னைக்கு ஆரம்பிச்சுச்சு மாப்ள?"

"ஒரு வாரமா மாமா. முந்தின நாள் நல்லா ஏறுச்சு. மறுநாள் போகல."

"ஆயில் குறையுதா?"

"இல்ல. கேஜ்ல அப்படியே இருக்கு."

"நீலப் புகை வருதா? காலையில ஸ்டார்ட் பண்ணும்போது?"

"இல்ல மாமா. கறுப்புதான். அதுவும் மேட்டுல மட்டும்தான். கம்பம் ரோட்டுல எண்பதுல போனா ஒண்ணும் தெரியல."

இந்த நாலு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் நாசில் தேய்ந்தாலும் வண்டி மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தளரும். முந்தின நாள் ஏறிய வண்டி மறுநாள் ஏறவில்லை என்றால் எதுவோ ஒன்று உடைந்திருக்கிறது, கிழிந்திருக்கிறது, கழன்றிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது.

அடுத்தது புகையின் நிறம். டீசல் வண்டியில் புகை பொய் சொல்லாது. கறுப்பு என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை, அல்லது காற்றுக்கு மிஞ்சிய டீசல். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், கண் எரியும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் குறை பெரும்பாலும் டீசல் வரும் வழியில் இருக்கும். டீசல் பில்டர் அடைத்திருக்கும், அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கும். பழைய டர்போ டீசல் பம்புகள் சிலவற்றில் ஒரு விரற்கடைத் தடிமன்கூட இல்லாத மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். டர்போ காற்று வந்துவிட்டது, இனிமேல் டீசலைக் கூட்டு என்று பம்புக்குச் சொல்கிற குழாய் அது. அது வெடித்துவிட்டால் பம்பு டீசலைக் கூட்டாது. வண்டி புகையே இல்லாமல் தளர்ந்துபோகும். நூறு ரூபாய்க்குள் முடிகிற குறைக்குப் பம்பையே கழற்றி அனுப்பியவர்கள் உண்டு.

என் மாப்பிள்ளையின் வண்டியில் கரும்புகை. ஆயில் குறையவில்லை. ஒரே நாளில் வந்தது. ஆக, காற்று எங்கோ தொலைகிறது. டர்போவே கெட்டிருந்தால் பெரும்பாலும் ஆயிலும் குறையும், நீலப் புகையும் வரும்.

காசில்லாத வேலையை முதலில் செய்ய வேண்டும். ஏர் பில்டரைத் திறந்தேன. ஆடிக் காற்றுக்குப் பிறகு நம் பள்ளத்தாக்கில் எந்த வண்டியின் பில்டரைத் திறந்தாலும் ஒரு கைப்பிடிப் புழுதி இருக்கும். இருந்தது. புது பில்டர் போட்டோம். சண்முகா நதி அணை வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். நன்றாகவே ஓடியது. அவன் முகம் மலர்ந்தது. நான் மலரவில்லை.

ஏனென்றால் சமதளத்தில், காலியான வண்டியில், லேசாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது டர்போவுக்கு வேலையே இல்லை. நிறுத்திவைத்து முறுக்கினாலும் அப்படித்தான், சுமை இல்லாத இன்ஜினின் புகையில் சக்கரத்தைச் சுற்றும் வலு இருக்காது. இதய டாக்டர் நம்மைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்துவிட்டு, அது நன்றாக இருந்தாலும் ஏன் டிரெட்மில்லில் ஓடவிட்டு மறுபடி எடுக்கிறார்? படுத்திருக்கும்போது தெரியாத அடைப்பு ஓடும்போது தெரியும். வண்டிக்கு டிரெட்மில் கம்பம்மெட்டு ரோடு.

மறுநாள் காலை கிளம்பினோம். ஆட்கள் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் எடைக்குச் சரியாக எட்டு உர மூட்டை ஏற்றினோம், தோட்டத்துக்கும் வேண்டியதுதான். ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாகக் கம்பம் போய் மலையேறினோம். ஏ.சி.யை அணைத்து, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன். அவன் ஓட்ட, நான் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நல்ல டர்போ சுமையில் மெல்லிசாக விசில் அடிக்கும். அந்த விசில் கேட்டது. அதாவது சக்கரம் சுற்றுகிறது, டர்போ உயிரோடு இருக்கிறது. ஆனால் அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. குக்கரில் கேஸ்கெட் சரியாகப் பிடிக்காவிட்டால் ஓரத்தில் வருமே, அந்த மாதிரி 'உஸ்ஸ்' என்று ஒரு கசிவு. காலை எடுத்தால் நின்றது, மிதித்தால் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அதே நேரம் கரும்புகை.

அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் பானட்டைத் திறந்தோம். இன்டர்கூலரில் இருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஓஸில், கிளிப்பை ஒட்டி, அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கிழிசலைச் சுற்றி ஆயில் பசையோடு புழுதி அப்பியிருந்தது. டர்போ வண்டியில் ஓஸ் இணைப்பு ஈரமாகப் புழுதி பிடித்திருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். கையால் மடக்கினால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. நிறுத்தி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே அழுத்தம் ஒரு பார் அளவுக்கு ஏறினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ எடை வைத்த மாதிரி. அந்தத் தள்ளலில்தான் அது வாய் திறக்கும்.

வண்டியில் பழைய சைக்கிள் டியூப் கிடந்தது. வெட்டி, இறுக்கிச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டினோம். இறங்கி வந்து அதே மேட்டில், அதே எட்டு மூட்டையோடு, அதே கியரில் மறுபடி ஏறினோம். அவன் செகண்டிலேயே வளைவைக் கடந்தான். கரும்புகை இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு அதே இடத்தில் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்.

மாப்பிள்ளைக்கு அவசரம், புது ஓஸ் போட்டுவிட்டால் முடிந்தது என்றான். "இரு. ஓஸ் ஏன் கிழிஞ்சுச்சுன்னு பார்ப்போம்" என்றேன். ரப்பர் பழசுதான், ஆனால் கிழிசல் நீளவாக்கில் இல்லை, இழுத்துக் கிழித்தது போலக் குறுக்காக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை லேசாக விடச் சொன்னேன். நான் ஓரமாக, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பார்த்தேன். இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி எழும்பி உட்கார்ந்தது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருந்தது. இன்டர்கூலர் வண்டியோடு நிற்கிறது, இன்ஜின் ஆடுகிறது, நடுவில் மாட்டிக்கொண்ட ஓஸ் ஒவ்வொரு மேட்டிலும் இழுபடுகிறது. புது ஓஸ் மட்டும் போட்டிருந்தால் அதுவும் ஆறு மாதத்தில் கிழிந்திருக்கும்.

ஓஸ், இரண்டு கிளிப், மவுண்டிங், ஏர் பில்டர், வேலைக்கூலி எல்லாம் சேர்ந்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கடைசியாகப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். காற்றுப் பாதையை ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்க்கிற அதே வித்தைதான். எங்கும் குமிழ் வரவில்லை. சங்கிலி அடகுக்குப் போகவில்லை. மறுநாளே ஆட்கள் மேலே போனார்கள்.

அப்படியானால் டர்போ கெடவே கெடாதா என்று கேட்பீர்கள். கெடும். அதைப் பார்க்கவும் முதலில் பெரிய கருவி வேண்டியதில்லை. இன்ஜினை அணைத்து நன்றாக ஆறிய பிறகு, காற்று உள்ளே போகிற பக்கத்து ஓஸைக் கழற்றினால் சக்கரம் தெரியும். விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும், தடையில்லாமல் சுற்ற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மிக லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. அந்தத் தண்டு ஓடும்போது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அது இரும்பின் மேல் ஓடுவதில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிறது. அந்தப் படலத்துக்கான இடம்தான் அந்த ஆட்டம். இது தெரியாமல் "ஆடுதுப்பா, போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் உள்ளே வெளியே இழுத்தால் கையில் தெரிகிற அளவுக்கு ஆடக் கூடாது. இறக்கைகள் சுற்றிலும் இருக்கிற கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. ஓஸுக்குள் லேசான ஆயில் பசை இருந்தால் பயம் இல்லை. தேங்கி நின்றால் கவனிக்க வேண்டும்.

கெட்டிருந்தால் அடுத்த கேள்வி, யார் கெடுத்தது? இறக்கையின் முனைகள் கடித்த மாதிரி இருந்தால் புழுதியோ கல்லோ உள்ளே போயிருக்கிறது, பில்டரைப் பார். தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை, ஆயில் குழாயைப் பார். சீல் வழியாக ஆயில் வந்தால் டர்போவில் இருந்து ஆயில் திரும்பி இறங்குகிற குழாய் அடைத்திருக்கிறதா பார். பிஸ்டன் பக்கம் இருந்து அளவுக்கு மீறிப் புகை அடித்தாலும் ஆயில் இறங்க முடியாமல் சீல் வழியாக வெளியேறும். அதற்கு இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பார்க்கலாம். சும்மா லேசாக நடுங்கினால் சரி. துள்ளி விழுந்தால் குறை கீழே, இன்ஜினில் இருக்கிறது. அந்த நிலையில் புது டர்போ மாட்டுவது பணத்தைச் சைலன்சரில் போடுவதுதான்.

இதில் உயிர் போகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. டீசல் இன்ஜினுக்கு டீசல் மட்டும்தான் தீனி என்பதில்லை. டர்போ சீல் முழுதாக விட்டுவிட்டால் இன்ஜின் ஆயிலே காற்றோடு உள்ளே போகும், இன்ஜின் அதையும் எரித்துக்கொண்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் உடையும். ஒருமுறை குமுளி ரோட்டில் ஒரு பழைய வண்டி ஓரமாக நின்ற இடத்திலேயே இப்படி அலறியதைப் பார்த்திருக்கிறேன். ரோடே தெரியாத அளவுக்குப் புகை. ஓட்டுநர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறார், இன்ஜின் உள்ளே கத்துகிறது. அங்கே நின்ற லாரிக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டு கிளட்சை ஒரேயடியாக விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. கியர் வண்டிகளில் செய்ய வேண்டியது அதுதான். காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தாலும் நிற்கும், ஆனால் கையை மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் ஆட்களை இறக்கித் தூரமாகப் போய்விடுவதே நல்லது. ஆயில் அளவை முழு கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் இதே ஆபத்தைக் கொண்டுவரலாம். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்பது மாவு ஆட்டும்போது சரி, இன்ஜின் ஆயிலுக்குச் சரியில்லை.

டர்போவின் ஆயுள் பாதி மெக்கானிக்கின் கையில், பாதி ஓட்டுபவரின் காலில். மெட்டு ஏறி முடித்ததும் டீக்கடையைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே சாவியை அணைத்துவிடுகிறோம். அப்போது டர்போவின் புகைப் பக்கம் தீயாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். நின்றுபோன ஆயில் அந்தச் சூட்டில் கரியும், வடைச்சட்டியின் விளிம்பில் வருஷக் கணக்கில் பிடித்திருக்கிற கறுப்பைப் போல. அந்தக் கரி ஆயில் வழியை அடைக்கும். ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் போதும். காலையில் எடுத்ததும் உறுமவிடுவதும் அப்படித்தான், ஆயில் மேலே போய்ச் சேர அரை நிமிஷமாவது கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வரும் பழக்கம். நம் தலைமுறையில் இது ஒரு கெட்டிக்காரத்தனமாக இருந்தது. கொதிக்கிற டர்போவுக்கு ஆயில் இல்லாமல் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, டீசல் வண்டியில் பிரேக்குக்கு வலுக்கொடுக்கிற வேக்குவம் பம்பு இன்ஜின் ஓடினால்தான் ஓடும். அணைத்துவிட்டு இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்தால் அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது இன்றைக்கும் சரி.

இப்போது பட்டறைகளில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிறார்கள். புது வண்டிகளுக்கு அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருவி "காற்றழுத்தம் குறைவு" என்று சொல்லும். ஓஸ் கிழிந்திருக்கிறது, அதற்குக் காரணம் மவுண்டிங் என்று சொல்லாது. மாப்பிள்ளையின் வண்டி மாதிரி பழைய இன்ஜின்களில் சொருகிப் பார்க்க இடமே கிடையாது. கேள்வி கேட்கிற பொறுமையும், கூட உட்கார்ந்து மேடேறுகிற நேரமும்தான் வேண்டும். பெரிய தொகை சொல்லும் மெக்கானிக்கிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். "மேட்டுல கூட வந்து ஒரு தடவை பார்க்கிறீங்களா? ஏன் கெட்டுச்சுன்னு சொல்றீங்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குச் சந்தோஷப்படுவார்.

அந்த சஃபாரிக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், புகைச் சோதனையும் உண்டு. போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தான். "மாமா, இன்னைக்கு ஒரு புதுச் சத்தம் கேட்டுச்சு. பாட்டை நிறுத்திட்டுக் கேட்டுப் பார்த்தேன். பெல்ட் பக்கம்னு நினைக்கிறேன். ஏ.சி. போட்டா வருது, அணைச்சா நின்னுருது" என்றான். ஏ.சி. பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அதுதானாம்.